எட்டு தடவை பாடிய ஒற்றைக் குரல்

அட்டனில் எங்கள் வீட்டுக்கு மேல், தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் ஒரு தம்பி இருக்கிறான். நாலு பேர் சேர்ந்து வைத்திருந்த பேண்டில் பாடிக்கொண்டிருந்தவன். ஒருவன் கொழும்புக்கு வேலைக்குப் போனான், இன்னொருவன் கட்டாருக்குப் போனான், பேண்ட் கலைந்தது. இப்போது காம்பராவில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் பதிகிறான். போன மாதம் ஒரு நாள் ஹெட்போனும் கையுமாக வந்தான்.

"அண்ணே, பொன் ஈவேர் மாதிரி வரமாட்டேங்குது. ஒரே ட்ராக்க எட்டு தடவ காப்பி பண்ணி அடுக்கிட்டேன். சத்தம்தான் கூடுது. கூட்டமா கேக்கல."

அவன் சொன்னது அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் அந்தப் பெயரில் செய்த முதல் ஆல்பத்தை. அவரும் பேண்ட் கலைந்தவர்தான். டியார்மண்ட் எடிசன் என்ற பேண்டில் பாடியவர். 2006இல் அது பிரிந்ததும் அமெரிக்காவின் விஸ்கான்சினில், காட்டுக்குள் இருந்த அப்பாவின் வேட்டைக் குடிசைக்குப் போய், பனிக்காலம் முழுக்கப் பெரும்பாலும் தனியாகவே பதிந்தார். பொன் ஈவேர் என்ற பெயரில் 2007இல் தானே வெளியிட்டார்; அடுத்த வருடம் உலகம் முழுக்கக் கேட்டது. அதில் பாடுவது பெரும்பாலும் ஒரே ஆள். ஆனால் கேட்டால் ஒரு கோயில் நிறைய ஆட்கள் நிற்பதுபோல இருக்கும்.

காப்பி ஏன் பலிக்கவில்லை? ஒலி என்பது காற்றில் வரும் அலை. ஒரே பதிவின் எட்டுப் பிரதிகளைச் சேர்த்தால் மேட்டின்மேல் மேடு, பள்ளத்தின்மேல் பள்ளம் என்று அச்சு அசலாகப் பொருந்திவிடும். அலையின் உயரம் எட்டு மடங்காகும், டெசிபல் கணக்கில் 18 கூடும். உருவம் அதேதான். சவுண்ட் பட்டனைத் திருகியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

எட்டுத் தடவை புதிதாகப் பாடினால் கதை வேறு. எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் அதே வரியை அதே மாதிரி இரண்டு முறை பாட முடியாது. சுருதி ஒரு இம்மி விலகும், ஒரு சொல் கொஞ்சம் முந்தும். அலைகள் சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்னும். மொத்தத்தில் 9 டெசிபல்தான் கூடுகிறது. ஆனால் காதுக்குப் பெரிதாகப் படுவது இந்த 9தான்.

கிட்டார் சுருதி சேர்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இரண்டு கம்பி கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுக்கச் சேராமல் இருக்கும்போது "வ்வா... வ்வா..." என்று ஒரு ஆட்டம் கேட்கும். பௌதிகவியல் பாடத்தில் அடிப்பு என்று படித்தோமே, அதேதான். ஒரு குரல் செக்கனுக்கு 220 தடவை அதிர்ந்து, மற்றது 221 தடவை அதிர்ந்தால், சத்தம் செக்கனுக்கு ஒரு முறை பெருத்துச் சிறுக்கும். குரலில் அந்த ஒரு சுரம் மட்டும் இல்லை, அதன்மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் அதிரும் மேற்றொனிகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. 440க்கு எதிரே 442, செக்கனுக்கு இரண்டு ஆட்டம். 660க்கு எதிரே 663, மூன்று ஆட்டம். ஒவ்வொரு தளமும் தன் தன் வேகத்தில் மினுங்குகிறது. இப்படி எட்டுக் குரல் என்றால், எந்த ஆட்டத்தையும் காதால் தனியாகப் பிடித்து எண்ண முடியாது. அதைத்தான் மூளை "கூட்டம்" என்று எடுத்துக்கொள்கிறது.

மார்கழி விடியலில் தோட்டத்துப் பஜனையைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நின்றால் ஒருத்தர் சுருதி ஏறியிருக்கும், ஒருத்தர் இழுத்துக்கொண்டு வருவார், பையன்கள் கத்துவார்கள். மேல் ரோட்டில் நின்று கேட்டால் தடிமனான ஒரே குரல். அந்தத் தடிமனைத் தருவதே அவர்களுடைய பிசகுகள்தான்.

நேரப் பிசகுக்கு மட்டும் ஒரு எல்லை உண்டு. சுமார் 30 மில்லிசெக்கனுக்குள் வரும் இரண்டாவது ஒலியைக் காது முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். ரொம்பப் பிந்தினால் எதிரொலியாகப் பிரித்துவிடும். தம்பிக்கு நான் முதலில் சொன்னது, புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வயர் உள்ளதை மாட்டு என்பதுதான். புளூடூத்தில் பாட்டு பிந்தி வரும். அதைக் கேட்டுப் பாடினால் புதிதாகப் பாடும் குரல் முன்னால் பதிந்ததற்குப் பிந்தியே விழும்.

இந்த அலுப்பைத் தாங்காமல் குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. ஒரே வரியை இரண்டு தடவை பாட பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்குப் பிடிக்காது. 1966இல் அபி ரோட் ஸ்டூடியோவின் பொறியியலாளர் கென் டவுன்சென்ட், இரண்டாவது டேப் மெஷினைக் கொஞ்சம் பிந்தவும் வேகம் ஆடவும் விட்டு, பொய்யாக ஒரு இரண்டாவது குரலை உண்டாக்கிக் கொடுத்தார். இன்று ஆப்பில் இருக்கும் 'கோரஸ்' பட்டன் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை. நல்ல தந்திரம்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு பிளாஸ்டிக் வாசம் அடிக்கும்.

வெர்னனுக்கு இன்னொரு அனுகூலம், கள்ளக்குரல், அதாவது குரலை மெலிதாக்கி உச்சத்தில் பாடுவது. அப்படிப் பாடும்போது குரல் நாண்கள் முழுதாக மோதாமல் விளிம்பு மட்டும் மெல்லியதாக அதிரும். மேற்றொனிகள் பலம் குறைந்து வரும். ஒன்றோடொன்று உரசும் சரக்கு குறைவு, அதனால் எத்தனை அடுக்கு வைத்தாலும் கரகரக்காமல் பனிமூட்டம்போலப் படியும். தம்பியோ தொண்டை திறந்து பாடுகிறவன். அவனுக்கு நாலு அடுக்கே தாராளம் என்பது என் அபிப்பிராயம். அவன் கேட்கவில்லை.

அப்புறம் மழை. வட்டவளை பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். அதில் ஒரு பங்கு எங்கள் தகரத்துக்கும் உண்டு. எட்டு முறை பதிந்தால் மழையும் எட்டு மழையாகிவிடும். விஸ்கான்சின் குடிசையில் பாவித்தது ஷூர் எஸ்.எம். 57, மேடையில் கிடக்கும் சாதாரண மைக். அந்த வகை முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கத்தைக் கணக்கில் எடுக்காது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், மழை இருந்த இடத்திலேயே இருக்கும். மைக்கின் முகம் பார்ப்பது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. ஆகவே கம்பளியைத் தொங்கவிட வேண்டியது அங்கேதான், மைக்குக்குப் பின்னால் இல்லை. அவன் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்தும் கம்பளிதான் வேலைக்கு ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டையும் பாடி முடித்துக் கொண்டுவந்து கேட்கக் கொடுத்தான். கூட்டம் வந்திருந்தது. மழையும் மெல்லிசாக எட்டு அடுக்கில் பின்னால் நின்றது. ஐந்தாவது ட்ராக்கில், வரி தொடங்க முன்னால், அவன் அம்மா "தேத்தண்ணி ஆறுதுடா" என்கிறார். ஒரே ட்ராக்கில் இருப்பதால் பாட்டு தொடங்கியிருந்தால் அமுங்கிப் போயிருக்கும். அந்த அரை செக்கன் இடைவெளியில் துல்லியமாகக் கேட்கிறது. வெட்டச் சொன்னேன். வெட்டமாட்டானாம்.