மஞ்சள் பத்திரிகை அல்ல, மிகைச்செய்தி இதழியல்

1898 ஸ்பெயின்-அமெரிக்கப் போரைப் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் இந்த வரி வந்துவிடுகிறது: ‘மஞ்சள் பத்திரிகைகள் போரைத் தூண்டின.’ நம் ஊரில் மஞ்சள் பத்திரிகை என்றால் பெட்டிக்கடையில் மறைத்து விற்கும் ஆபாச ஏடு. கொஞ்சம் வயதானவர்களுக்கு, நடிகர்களின் அந்தரங்கத்தைக் கிளறிய லட்சுமிகாந்தனின் ‘இந்துநேசன்’. அப்படிப்பட்ட ஏடுகளா அமெரிக்காவை, அன்று ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாவுக்குப் போரிட இழுத்துப் போயின?

‘யெல்லோ ஜர்னலிசம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு இது. அந்தச் சொல் பிறந்த கதை சின்னது. பத்திரிகை அதிபர் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் ஓவியர் அவுட்கால்ட் வரைந்த மஞ்சள் அங்கிச் சிறுவன் பெரும்புகழ் பெற்றான். 1896இல் போட்டிப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட் தன் ‘ஜர்னல்’ இதழுக்கு அவுட்கால்ட்டை இழுத்துக்கொள்ள, புலிட்சர் வேறொருவரை வைத்து அதே சிறுவனை வரையச் செய்தார். இந்தப் போட்டியால் இருவர் பாணிக்கும் மஞ்சள் என்ற பெயர் ஒட்டியது. ஆபாசத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சிலர் ‘பரபரப்பு இதழியல்’ என்கிறார்கள். இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. உண்மைச் செய்தியும் பரபரப்பானதுதான். 1898 பிப்ரவரி 15 இரவு கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் ‘மெயின்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த ஏடு எழுதினாலும் அது பரபரப்பாகத்தான் இருக்கும். ‘ஜர்னல்’ செய்தது வேறு. விசாரணை முடியுமுன், 17ஆம் தேதியே, இது எதிரியின் வேலை என்று தலைப்பிட்டு, குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 50,000 டாலர் பரிசும் அறிவித்தது. கப்பலுக்குள் நிலக்கரி அறையில் பற்றிய தீயே காரணமாக இருக்கலாம் என்று 1976இல் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வுக் குழு சொன்னது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவதற்குப் பரபரப்பு என்று பெயர் வைத்தால் குற்றம் மறைந்துபோகிறது.

நன்னூல் நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று. மிகை என்ற சொல்லுக்கே குற்றம் என்ற பொருளும் உண்டு. ‘மிகைச்செய்தி இதழியல்’ என்றால் அளவு மீறலும் தெரியும், தவறும் தெரியும்.

நிறத்துக்கு நிறம் பெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள்தான், ‘நீ படம் அனுப்பு, போரை நான் தருகிறேன்’ என்று கியூபாவிலிருந்த தன் ஓவியருக்கு ஹெர்ஸ்ட் தந்தி கொடுத்ததாகவும் உறுதியாக எழுதுகிறார்கள். அந்தத் தந்தி இதுவரை யார் கையிலும் கிடைக்கவில்லை, ஹெர்ஸ்ட்டும் மறுத்திருக்கிறார். போருக்கு வேறு காரணங்களும் இருந்தன: கியூபாவின் விடுதலைப் போராட்டம், கியூபா மக்களை ஸ்பெயின் அடைத்துவைத்த கொடிய முகாம்கள், அமெரிக்காவின் கடல்கடந்த ஆசை. மிகைச்செய்தியைப் பற்றி எழுதுபவர் இவற்றையாவது சரிபார்த்து எழுத வேண்டும். நிறத்தையும் சொல்லியாக வேண்டுமென்றால், மஞ்சள் அங்கிச் சிறுவனை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொன்னால் போதும்.