எடை குறைக்கும் ஊசிக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா?

மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் வெகோவி, டிசம்பரில் ஓசெம்பிக். அப்போதிருந்து இன்சூரன்ஸ் விஷயமாக எனக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. "சார், டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்திருக்கார். நம்ம பாலிசியில கிளைம் பண்ணலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தனிநபரும் குடும்பமும் எடுக்கும் சாதாரண மெடிக்கல் பாலிசியில் இந்த ஊசிக்குப் பணம் கிடைக்காது. ஆனால் ஏன் கிடைக்காது என்று கேட்டால் ஏஜென்ட்டுகள் சொல்லும் காரணம் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. அந்தக் காரணத்தை நம்பி, கிடைக்கக்கூடிய வேறு பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஊசி போடுவதையே மறைத்து, பின்னால் வரும் பெரிய கிளைமுக்குத் தாங்களே குழி தோண்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இதை எழுதுவதே இந்த இரண்டாவது வகை ஆட்களுக்காகத்தான்.

"உடல் பருமனுக்கு எந்த கம்பெனியும் கொடுக்காதுங்க" என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பாலிசி புத்தகத்தைப் புரட்டினால் விலக்குகள் பகுதியில் 06 என்ற எண்ணோடு உடல் பருமன் பற்றிய பத்தி இருக்கும். எந்த கம்பெனி பாலிசியை எடுத்தாலும் அதே எண், அதே வாசகம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் விலக்குகளை எல்லா கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரியாக்கியபோது வந்தது அது. அந்தப் பத்தி அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. அதுவும், அறுவை சிகிச்சைக்குப் பணமே கிடையாது என்று சொல்லவில்லை. டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், மருத்துவ நெறிமுறைப்படி நடந்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் உள்ளவருக்கு இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை போன்ற ஏதாவது ஒன்று இருந்து, மற்ற வழிகளில் முயன்றும் எடை குறையவில்லை என்றாலும் போதும். இந்த நிபந்தனைகள் நிறைவேறாத அறுவை சிகிச்சைக்குத்தான் அந்த விலக்கு. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு பிஎம்ஐ 35 என்றால் சுமார் 95 கிலோ, 40 என்றால் 109 கிலோ.

அப்படியானால் ஊசி ஏன் கிடைக்கவில்லை? காரணம் ரொம்பச் சாதாரணமானது. நம் பாலிசிகள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிக் கட்டப்பட்டவை. 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும், அல்லது கண்புரை, டயாலிசிஸ் போல அன்றே வீடு திரும்பும் டேகேர் சிகிச்சையாக இருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் சில வாரச் செலவு சேரும். வீட்டில் உட்கார்ந்து நாமே வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசி புறநோயாளிச் செலவு, அதாவது ஓபிடி. இன்சுலினுக்கும் இதே பாலிசி பணம் தருவதில்லை, பிரஷர் மாத்திரைக்கும் தருவதில்லை. எடை ஊசி மீது கம்பெனிக்குத் தனிக் கோபம் எதுவும் கிடையாது.

இந்த வித்தியாசம் தெரிந்தால் கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடும். "உடல் பருமனுக்கு கவர் உண்டா?" என்று கால்சென்டரில் கேட்டால் இல்லை என்பார்கள், அதோடு போனை வைத்துவிடுவீர்கள். "என் பாலிசியில் ஓபிடி இருக்கிறதா, அதில் பார்மசி பில் சேருமா, வருடத்துக்கு எவ்வளவு வரை, எடைக் குறைப்பு மருந்துக்கு அதில் தனி விலக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். போனில் வேண்டாம், மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் கையில் இருக்க வேண்டும்.

ஓபிடி இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மௌஞ்சாரோ வந்த புதிதில் 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று. 5 மி.கி. அளவில் நிற்பவருக்கே மாதம் 17,500. அளவு 15 மி.கி. வரை ஏறக்கூடியது. பலருடைய ஓபிடி வரம்பு ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான், அதில் டாக்டர் பீஸும் டெஸ்டும் போக மருந்துக்கு என்ன மிஞ்சும்? ஒரு மாத ஊசிக்குக்கூடத் தேறாத ஓபிடிக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்திருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஓபிடி கிளைமில் இன்னொன்றும் பார்ப்பார்கள்: மருந்துச்சீட்டில் எந்த நோய் எழுதியிருக்கிறது. ஓசெம்பிக்கிலும் வெகோவியிலும் இருப்பது செமாக்ளுடைடு என்ற ஒரே மருந்துதான். முன்னது சர்க்கரைக்கு அனுமதி பெற்றது, பின்னது எடைக்கு. மௌஞ்சாரோவுக்கு இந்தியாவில் இரண்டு அனுமதியும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே வரும் சில பாலிசிகளில் ஓபிடி சேர்ந்தே வரும். உண்மையிலேயே டைப் 2 சர்க்கரைக்காக இந்த ஊசி எழுதப்பட்டிருந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். சர்க்கரையே இல்லாதவர் டாக்டரிடம் "சுகர்னு எழுதிக் குடுங்க சார்" என்று கேட்பது வேறு கதை. ஒருமுறை சர்க்கரை நோயாளி என்று ஆவணத்தில் ஏறிவிட்டால், அடுத்த பாலிசி எடுக்கும்போது அந்தச் சீட்டே உங்களுக்கு எதிராக நிற்கும்.

"அமெரிக்காவுல என் தங்கச்சிக்கு இன்சூரன்ஸே குடுக்குதே" என்பார்கள். அங்கே மருந்துக்கே தனி கவரேஜ் உள்ள திட்டங்கள் இருக்கின்றன, வேலை தரும் கம்பெனி எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கேயும், எடைக் குறைப்புக்கு மட்டும் எழுதிய மருந்துக்கு மூத்த குடிமக்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. 2024 மார்ச்சில் வெகோவிக்கு இதய ஆபத்தைக் குறைக்கும் மருந்து என்ற அனுமதியும் கிடைத்த பிறகுதான், இதய நோயுள்ளவர்களுக்கு அந்தக் காரணத்தின் பேரில் தரலாம் என்றார்கள். ஆக, எதற்காக எழுதினார்கள் என்பதை அங்கேயும் பார்க்கிறார்கள்.

சரி, குறுக்கு வழிக்கு வருவோம். "ஒரு நாள் அட்மிட் ஆகி ஊசி போட்டுக்கிட்டா?" என்று கேட்காத ஆளில்லை. சில சின்ன ஆஸ்பத்திரிகளே இதை யோசனையாகச் சொல்கின்றன. படுக்க வேண்டிய தேவையே இல்லாத சிகிச்சைக்குப் படுத்தால், கம்பெனிக்காக கிளைமைப் பரிசீலிக்கும் டிபிஏவில் கேஸ் ஷீட்டைப் பார்க்கும் டாக்டருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நாடித்துடிப்பு சரி, பிரஷர் சரி, டிரிப்ஸ்கூட இல்லை, ஊசி மட்டும் போட்டிருக்கிறது. கிளைம் போவதோடு உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சந்தேகக் குறியும் விழும்.

நேர்மையாகக் கேட்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. மாரடைப்போ சர்க்கரை ஏறிய சிக்கலோ வந்து அட்மிட் ஆகி, கிளைமும் பாஸாகி, டிஸ்சார்ஜ் சம்மரியில் அதே நோயின் தொடர் சிகிச்சையாக டாக்டர் இந்த ஊசியை எழுதியிருந்தால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாக 60 அல்லது 90 நாளுக்கு, உங்கள் பாலிசி எத்தனை நாள் சொல்கிறதோ அதுவரை, பில்லைச் சேர்த்து அனுப்பலாம். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுப்பாமல் விடுவதில் அர்த்தமில்லை.

இப்போது மறைப்பவர்கள் விஷயம்.

ஒரு பெண்மணி பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்கு கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டுவது) மறுக்கப்பட்டு என்னிடம் வந்தார். பாலிசி ஆன்லைனில் தம்பி எடுத்துக் கொடுத்தது, இரண்டு வருடம் முடியவில்லை. வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாவது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. இந்த ஊசிகளின் எச்சரிக்கைக் குறிப்பிலும் அது இருக்கிறது. பித்தப்பைக் கல்லோ பெரும்பாலான பாலிசிகளில் பாலிசி எடுத்து 24 மாதம் ஆகும்வரை பணம் கிடைக்காத காத்திருப்புப் பட்டியலில் உள்ள நோய். அந்த அளவில் மறுப்பு நியாயமானதுதான். சிக்கல் அதற்கு மேல் போனது. டிஸ்சார்ஜ் சம்மரியில் செமாக்ளுடைடு ஊசி எடுத்து வருகிறார் என்று எழுதியிருந்தது. பாலிசி எடுத்த தேதிக்கு முன்பே தொடங்கிய ஊசி. பாலிசிக்கு விண்ணப்பிக்கும் புரபோசல் ஃபார்மில் "தற்போது ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் போட்டிருந்தார்கள். "எடை குறைக்கிற ஊசிதானே சார், அது நோயா என்ன?" என்றார் அவர். ஃபார்ம் நோயை மட்டும் கேட்கவில்லையே. மருந்தையும் கேட்டது, உயரத்தையும் எடையையும் கேட்டது. அந்த டிக்கைக் காட்டி பாலிசியையே ரத்து செய்யும் நடவடிக்கையைக் கம்பெனி தொடங்கிவிட்டது.

மருந்தைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரீமியத்தில் கொஞ்சம் லோடிங், அதாவது கூடுதல் தொகை, போட்டிருப்பார்கள், அல்லது ஏற்கெனவே உள்ள நோய் என்று காத்திருப்பு வைத்திருப்பார்கள். 2024 ஏப்ரலிலிருந்து அந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். சில கம்பெனிகள் பாலிசி தர மறுத்துமிருக்கும். எதுவானாலும் ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்துகொள்வதைவிட மேல். ஐந்து வருடம் விடாமல் பாலிசி ஓடிவிட்டால் மோசடி என்று நிரூபிக்காமல் கம்பெனி பழையதைக் கிளற முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த ஐந்து வருடமும் உடம்பு சும்மா இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பாலிசி எடுத்த பிறகு ஊசி ஆரம்பித்தவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. ஆனால் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்யும்போதும் காப்பீட்டுத் தொகையை உயர்த்தும்போதும் கேள்விகள் மறுபடி வரும், அங்கே சொல்லியாக வேண்டும். "இப்ப எடை 78 தானே சார், பிஎம்ஐ நார்மல்" என்று எடையை எழுதிவிட்டு ஊசியை விட்டுவிடுகிறார்கள். செமாக்ளுடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டதை அந்த மருந்தைச் சோதித்த ஸ்டெப் 1 ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. கம்பெனியின் டாக்டர்களும் அதைப் படித்தவர்கள்தான்.

ஜிம் டிரெய்னர் வாங்கிக் கொடுத்தார், இன்ஸ்டாகிராமில் ஆர்டர் போட்டேன் என்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: போலி செமாக்ளுடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024-ல் எச்சரித்திருக்கிறது. சீட்டில்லாத ஊசியால் கணையத்தில் அழற்சி வந்து ஐசியூவில் படுத்தால், எந்த மருந்து, யார் எழுதியது என்ற கேள்விக்கு உங்களிடம் காகிதம் இருக்காது. டாக்டர் எழுதி, பில்லோடு வாங்கியிருந்தால், பக்கவிளைவால் அட்மிட் ஆகும் செலவை மற்ற நோய்களைப் போலவே கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது.

அந்த பில்களை வேறொரு காரணத்துக்காகவும் பத்திரப்படுத்தச் சொல்வேன். மேலே சொன்ன 06-ஆம் விலக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பிஎம்ஐ 35-லிருந்து 40-க்குள் இருப்பவர் எடை குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்டால், கத்தி வைக்காத வழிகளில் முயன்று பலிக்கவில்லை என்று காட்ட வேண்டும். டாக்டர் சீட்டு, மாதாமாதம் எழுதிய எடை, ஊசி வாங்கிய பில், நிறுத்த வேண்டிவந்த காரணம். இதைவிட நல்ல சான்று எது? பல லட்சம் ரூபாய் கிளைம் அது. ஊசிக்குக் கிடைக்காத பணத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் இந்தக் காகிதங்களைக் குப்பையில் போட்டுவிட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்குத்தான் வயிறு எரிகிறது.

அந்த அறுவை சிகிச்சைக்கு "உடல் பருமன், கிடையாது" என்று ஒற்றை வரியில் மறுப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று எழுதிக் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி, அப்புறம் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார் தளம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள்.

கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் குரூப் பாலிசியையும் ஒருமுறை பாருங்கள். அதன் நிபந்தனைகளை உங்கள் நிர்வாகம்தான் பேசி முடிக்கிறது. சில இடங்களில் காத்திருப்பே இருக்காது, சில இடங்களில் ஓபிடிக்குத் தனித் தொகை இருக்கும். ஹெச்ஆருக்கே தெரியாமல் இருக்கலாம், பாலிசி பிரதியை வாங்கிப் படியுங்கள்.

மீதிச் செலவு உங்கள் பையிலிருந்துதான். விலை இறங்கிக்கொண்டிருப்பது ஒரு ஆறுதல். வெகோவி விலையை 2025 நவம்பரில் 37 சதவீதம் வரை குறைத்தார்கள், செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமையும் 2026 மார்ச் வரைதான். வீட்டில் 60 வயதைத் தாண்டிய, எந்த மெடிக்கல் பாலிசியும் இல்லாத அப்பா அம்மாவுக்கு டாக்டர் இதை எழுதியிருந்தால், பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வருமான வரிக் கழிவுக்கு (1961 சட்டத்தில் 80டி பிரிவு) அவர்களுடைய மருத்துவச் செலவாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, ஜிபேயோ கார்டோ போட்டு பில் வாங்குங்கள்.