ரெஸ்யூமில் எழுதியது கைக்கு வருமா? கோர் கம்பெனிக்குப் போகும் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு

கோவையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கேம்பஸ் சீசன் வந்தால் ஹெச்.ஆர். ஆட்களோடு டெக்னிக்கல் பேனலுக்கு என்னையும் அனுப்புவார்கள். ஐ.டி. கம்பெனித் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு அதே துறைக்கு, மாணவர்கள் பாஷையில் 'கோர்' கம்பெனிக்கு வர நினைப்பவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்ப்பதை எழுதுகிறேன்.

என் பையில் நுணுக்கமாக அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பரும் ஒரு எம்10 போல்ட்டும் எப்போதும் இருக்கும். மாணவர் வந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்த செல்ஃப் இன்ட்ரோவைச் சொல்லி முடித்ததும், "இந்தத் திரெட்டோட வெளிவிட்டத்தை அளந்து சொல்லுங்க தம்பி" என்று நீட்டுவேன். எம்10 என்றால் 10 மி.மீ. என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பலர் வாங்கி, ஒப்புக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "டென் எம்.எம். சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என் போல்ட்டை ஒழுங்காக அளந்தால் 9.86 வரும். நட்டுக்குள் ஏற இடைவெளி வேண்டுமே, போல்ட் பத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வெர்னியரை முழுக்க மூடி ஜீரோ எரர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, "மெயின் ஸ்கேல் 9, வெர்னியரில் 43-ஆவது கோடு சேருது, லீஸ்ட் கவுன்ட் 0.02, அப்போ 9.86 சார்" என்று ஒருவர் சொன்னால், அதுவரை அடுத்த ரெஸ்யூமைப் புரட்டிக்கொண்டிருந்த என் சக பேனல்காரரும் நிமிர்ந்து பார்ப்பார். (லீஸ்ட் கவுன்ட் என்பது அந்தக் கருவி காட்டும் மிகச் சிறிய அளவு.) தெரிந்த விடையைச் சொல்பவரைவிடக் கருவி காட்டியதைச் சொல்பவர்தான் குவாலிட்டி பிரிவுக்கு வேண்டும். இது ஒன்றும் புதுப் பாடம் இல்லை, மெட்ராலஜி (அளவையியல்) லேபில் எல்லோரும் செய்ததுதான். பக்கத்து பெஞ்ச் நண்பனின் ரீடிங்கைப் பார்த்து ரெக்கார்டு எழுதியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

அதே போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். அது என்ன என்பது அடுத்த கேள்வி. முதல் 8-ஐ நூறால் பெருக்கினால் இழுவலிமை, 800 மெகாபாஸ்கல். புள்ளிக்குப் பின்னால் வரும் 8, அதில் 80 சதவீதத்தில் ஈல்டு ஆகும் (நிரந்தரமாக நீளத் தொடங்கும்) என்கிறது, அதாவது 640. ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் கர்வை அழகாக வரைந்து காட்டும் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பேரிங்கில் 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும், உள்விட்டம் 25 மி.மீ. எல்லாம் டிசைன் டேட்டா புக்கில் இருக்கிறது. பரீட்சைக்குப் புரட்டிய அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அங்கே கிடக்கும் பொருட்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாரம் ஒதுக்கினால், பெரும்பாலான டெக்னிக்கல் ரவுண்டுக்கு நீங்கள் தயார்.

இனி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். தலைப்பு பெரும்பாலும் 'டிசைன் அண்ட் ஃபேப்ரிகேஷன் ஆஃப்' என்று தொடங்கும், நியூமேடிக் பம்பரில் (மோதும் நேரத்தில் காற்றழுத்த சிலிண்டர் முன்னே தள்ளும் பம்பர்) போய் முடியும். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதா, கையால் செய்ததா என்று நான் கேட்பதே இல்லை. "சிலிண்டர் போர் (உள்விட்டம்) என்ன?" என்றுதான் கேட்பேன். 40 மி.மீ. என்று பதில் வந்தால், "6 பார் காற்றில் எவ்வளவு விசை தரும்?" பரப்பளவு 1,256 சதுர மி.மீ., 6 பார் என்பது சதுர மி.மீ.க்கு 0.6 நியூட்டன், அதனால் 0.6-ஆல் பெருக்கினால் சுமார் 750 நியூட்டன். எடையாகச் சொன்னால் 75 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. "ஒரு டன் எடையுள்ள காரை இது என்ன செய்யும்?" என்று அடுத்துக் கேட்டால், சிலருக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிடும். அப்படிச் சிரித்தவர்களை எனக்குப் பிடிக்கும். தன் ப்ராஜெக்டின் குறை தனக்கே புரிந்துவிட்டதே!

வாங்கிய ப்ராஜெக்டாகவே இருக்கட்டும், நேர்காணலுக்கு முன் அதை ஒருமுறை பிரித்து மாட்டுங்கள். எந்த வால்வு, ஏன் அது, ஃபிரேமுக்கு என்ன செக்‌ஷன், வெல்டிங் யார் செய்தது, எவ்வளவு செலவானது என்று குழுவில் நான்கு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "அந்தப் பார்ட்டை ஃபிரெண்டு பார்த்துக்கிட்டான் சார்" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில்.

இதைவிட எனக்கு ஆதங்கம் தருவது வேறொன்று. மாணவர்கள் தங்களிடம் இருக்கும் நல்ல சரக்கை ரெஸ்யூமில் எழுதுவதே இல்லை. லீவில் மாமாவின் லேத் பட்டறையில் வேலை பார்த்திருப்பார்கள், தோட்டத்து மோட்டாரைக் கழற்றி சீல் மாற்றியிருப்பார்கள். அதைச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிட்டு, மூன்று நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங் சர்டிஃபிகேட்டை முதல் வரியில் போடுவார்கள். கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் சக்கில் ஜாப் பிடித்து, டூல் உடைத்து, திட்டு வாங்கிய அனுபவம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். நாங்கள் அதைப் பற்றித்தான் பத்து நிமிஷம் பேசுவோம்.

சாஃப்ட்வேர் விஷயத்திலும் இப்படித்தான். ஆன்சிஸ் (பாகத்தின் வலிமையைக் கணினியில் கணக்கிடும் சாஃப்ட்வேர்) என்று எழுதினால், மெஷ் அளவை, அதாவது கணக்குக்காகப் பாகத்தைப் பிரிக்கும் கட்டங்களின் அளவை மாற்றியபோது விடை எவ்வளவு மாறியது என்று கேட்போம். தெரியாதென்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுவது நல்லது.

ஆங்கிலம் பற்றிய பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. எங்கள் பேனலில், "தமிழில் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். ஷாப் ஃப்ளோரில் ஆபரேட்டரிடம் தமிழில்தான் பேசப்போகிறீர்கள். ஆனால் ரிப்போர்ட்டும் கஸ்டமர் மெயிலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் தப்போ சரியோ, ஐந்தாறு வாக்கியம் எழுதிப் பழகுங்கள். டிரெஸ், ஷூ பற்றியெல்லாம் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், சுத்தமாக இருந்தால் சரி. மாணவிகளிடம் கல்யாணம் எப்போது என்று கேட்கும் பேனல்கள் இன்னும் இருக்கின்றன. கேட்கக் கூடாத கேள்வி அது. "வேலை சம்பந்தமா கேளுங்க சார், சொல்றேன்" என்று சொல்வதில் தவறே இல்லை.

கடைசியில், "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்போம். முக்கால்வாசிப் பேர், "நோ சார், தேங்க் யூ சார்" என்று எழுந்துவிடுவார்கள். அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. எடுப்பது ஜி.இ.டி.யாகவா, அப்ரண்டிஸாகவா என்று கேளுங்கள். கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி என்றால் நீங்கள் கம்பெனியின் ஊழியர். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் எடுத்தால் கிடைப்பது உதவித்தொகை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, பட்டதாரிகளுக்கு வழக்கமாக ஓராண்டுதான் பயிற்சி, அது முடிந்ததும் நிரந்தரமாக எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. கற்றுக்கொள்ள நல்ல வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிட்டு, வேலை நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு வேறு ஆஃபரை விட்டவர்கள் உண்டு.

சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 பிடிப்பார்கள். கம்பெனி கட்டும் 1,800-ஐயும் சி.டி.சி.க்குள் சேர்த்துத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் அது தனி. கைக்கு எவ்வளவு வரும் என்று நேரடியாகக் கேட்டால் ஹெச்.ஆர். கோபித்துக்கொள்ள மாட்டார். எந்தப் பிரிவு, எத்தனை ஷிஃப்ட், பாண்டு (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாண்டில் கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படித்து, ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளைச் சரிபார்க்கக் காட்டலாம். சரிபார்த்து முடிந்ததும் அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.