பிரசவம் முடிந்ததும் போடும் ஊசி: ஏன் இலவசம், ஏன் அந்த மருந்து?

அரசு மருத்துவமனையில் பிள்ளை பெறுபவர் மருந்துக்கென்று ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. 2011 ஜூன் 1 அன்று தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தில் சுகப்பிரசவமும் சிசேரியனும் இலவசம். மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம், வந்துபோக வண்டி, சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் சிசேரியனுக்கு 7 நாளும் சாப்பாடு, எல்லாம் அதில் அடக்கம். உதிரப்போக்கைத் தடுக்கும் ஊசியும் அப்படித்தான். அதை வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டு எழுதினால் அது திட்டத்துக்கு முரண்.

பிரசவமான 24 மணி நேரத்துக்குள் 500 மி.லி. அல்லது அதற்கு மேல் ரத்தம் போனால் அதிக உதிரப்போக்கு என்பார்கள். பெரும்பாலும் கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து கிடப்பதே காரணம். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்களை இறுக்கி அடைப்பது அந்தச் சுருக்கம்தான். ஆகவே ரத்தம் போகிறதா என்று பார்த்துப் போடும் ஊசியல்ல இது, எல்லாத் தாய்மாருக்கும் உரியது. மருந்தின் பெயர் ஆக்சிடோசின், கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது. அளவு 10 யூனிட், குழந்தை பிறந்த 1 நிமிடத்துக்குள், தசையில். அதற்குமுன் வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் புழங்கும் ஆம்பூல் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) பெரும்பாலும் 5 யூனிட் என்பதால் இரண்டை உடைக்க வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் பாதி அளவுதான் உள்ளே போகும்.

விலை மலிவு, பக்கவிளைவும் குறைவு என்பதால் ஆக்சிடோசின் முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால்தான் அந்த மலிவுக்கு அர்த்தம். காலையிலேயே எடுத்துத் தட்டில் அடுக்கி வைப்பதும், கரண்ட் போன ஃபிரிட்ஜைக் கவனிக்காமல் விடுவதும் அன்றாடம் நடக்கக்கூடிய தவறுகள். சூட்டில் வீரியம் போன மருந்தும் நல்ல மருந்தைப் போலவே தெளிந்த நீராகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் கூடுதல் மருந்து, ரத்தப் பை, பெரிய ஆஸ்பத்திரிக்கு 108 என்று மிச்சம் பிடித்த காசுக்குப் பல மடங்கு செலவு.

அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் என்ற மருந்து வந்தது இதற்காகத்தான். 100 மைக்ரோகிராம் ஒரே ஊசி. 30 டிகிரி வரை வெளியிலேயே வைக்கலாம். இந்தியா உட்பட 10 நாடுகளில் சுமார் 30,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், 500 மி.லி. அல்லது அதற்கு மேல் ரத்தம் போவதைத் தடுப்பதில் அது ஆக்சிடோசினுக்கு இளைத்ததல்ல என்று 2018இல் தெரிந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது, மற்ற மருந்துகளோடு ஒப்பிடத்தக்க விலையில் கிடைத்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. ஏழை நாடுகளின் அரசுக் கொள்முதலுக்கு ஆம்பூல் சுமார் 31 அமெரிக்க சென்ட் என்று விலை பேசப்பட்டது. ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடும் இடத்தில் ஆக்சிடோசினே போதும். மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத இடத்தில் கூடுதல் விலை தானே ஈடாகிவிடும் என்பது எங்கள் கணிப்பு. ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கார்பெட்டோசினை வலி வரவழைக்கப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ஆக்சிடோசின் வேண்டும், ஆகவே அதையும் ஃபிரிட்ஜையும் கைவிட முடியாது.

இதே வேலைக்கான இன்னொரு ஊசியான மீதைல் எர்கோமெட்ரினுக்கும் குளிர் வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஆகாது. ஊசி போட ஆளில்லாத வீட்டுப் பிரசவத்துக்கு மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று, வாய்வழியாக. நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். குழந்தை பிறக்கும் முன் விழுங்கினால் கர்ப்பப்பை கிழியும் அபாயம் உண்டு.

இலவச உரிமை தனியார் மருத்துவமனைக்குப் பொருந்தாது. அரசு மருத்துவமனையில் பணம் கேட்டாலோ வெளியே வாங்கச் சொன்னாலோ சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, தமிழ்நாட்டில் 104க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.