மூஞ்சிய மறைச்சா ஆள் மறைஞ்சிருமா?

பேஷண்ட் பேசுறத ரெக்கார்ட் பண்ணி வகுப்புல போடுறதுக்கு நான் எதிரி இல்ல, மொதல்லயே சொல்லிடுறேன். மதுரையில நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்குறவ நான். சுகர் புண்ணுக்கு டிரஸ்ஸிங் பண்றதப் பத்தி தொண்ட கிழிய கத்துனதெல்லாம் காத்தோட போச்சு, விரல எடுத்த ஒரு அய்யா "வலியக்கூட பொறுத்துக்கிட்டேன் தாயி, நீங்க மூக்க பொத்துனதத்தான் பொறுக்க முடியல"ன்னு சொன்ன ஆடியோ இருக்கே, அதுதான் நின்னுச்சு. இப்ப வார்டுல கை மூக்குக்கிட்ட போனா அதுகளே டக்குனு இறக்கிக்குதுக.

ஆனா பேஷண்ட் பேசுனது வகுப்ப விட்டு வெளிய போனதுல போன மாசம் நடந்தது மூணாவது கேஸ், அதான் எழுதுறேன். டிபி மருந்து சாப்பிடுற ஒரு அக்கா, ஊரு தொழிலெல்லாம் மாத்தித்தான் சொல்றேன், செல்லூர்ல தறி ஓட்டுறவங்கன்னு வச்சுக்கங்க. ஒரு பையன் போன்ல எடுத்து, மூஞ்சிய ப்ளர் பண்ணி, சோகமா ஒரு பிஜிஎம் வேற போட்டு (எதுக்குப்பா அது?) வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல தட்டிவிட்டுட்டான். மூணே நாள்ல அந்தக்கா தெருவுக்கே போயிருச்சு, குழாயடில அவங்க குடத்த மட்டும் தள்ளி வச்சுட்டாய்ங்க. மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, ஒழுங்கா சாப்பிட்டா ரெண்டு வாரத்துலயே பெரும்பாலும் பரவாது, இத தெருவுக்கு யாரு போயி சொல்றது?

கேட்டா, "மூஞ்சிய ப்ளர் பண்ணிட்டேனே மேடம்"ங்குறான்.

அடேய், ஆளத் தெரிய மூஞ்சி எதுக்கு? கூடப்பொறந்தவ இருமுனா அடுத்த ரூம்ல இருந்தே நமக்குத் தெரியாதா? குரல் அப்படியே இருக்கு. கையில பச்சை குத்துன பேரு அப்படியே இருக்கு. "எம்மருமகன் மாட்டுத்தாவணில பழக்கடை வச்சிருக்காரு"ன்னு அவங்களே சொல்றாங்க, பின்னாடி பெட் நம்பர் தெரியுது, சேலை போன தீபாவளிக்கு எடுத்த சேலை. இம்புட்டையும் விட்டுட்டு ரெண்டு கண்ணையும் மூக்கையும் மட்டும் கலங்கடிச்சா யாருக்குடா மறைக்கிற? தெரியாதவனுக்கு மறைச்சு என்ன புண்ணியம், தெரிஞ்சவங்களுக்குத்தான மறைக்கணும்.

இன்னொரு கூட்டம் "அட்மிஷன்லயே கையெழுத்து வாங்கிட்டோம்"னு வரும். அது வைத்தியத்துக்கு வாங்குன கையெழுத்துய்யா, படம் பிடிக்க இல்ல. அடையாளம் தெரியுற மாதிரி போட்டோவோ கேஸ் விவரமோ அனுமதியில்லாம ஜர்னல்ல போடக்கூடாதுன்னு டாக்டர்களுக்கான 2002 விதியிலயே இருக்கு. எச்ஐவின்னா அத வெளிய சொல்றதுக்கே 2017 சட்டப்படி சம்மதம் எழுத்துல வேணும். போக்சோ கேஸ் பிள்ளைகன்னா செல்போனக் கையிலயே எடுக்காதீங்க.

இங்கிலாந்துல மெக்பர்சன், ஹெர்க்ஸ்ஹைமர்னு ரெண்டு டாக்டருங்க, தாங்களே நோயாளியா இருந்து பாத்தவங்க, நோயாளிக சொந்தக் கதைய சேத்து வச்சு 2001ல ஒரு வெப்சைட்டு ஆரம்பிச்சாங்க, இப்ப அதுக்கு ஹெல்த்டாக்னு பேரு. வீடியோவா, குரல் மட்டுமா, வெறும் எழுத்தான்னு பேசுனவங்களே முடிவு பண்ணலாம், பேசுனத எழுதி அவங்ககிட்டயே குடுப்பாங்க, வேண்டாங்கிறத அடிச்சிரலாம். நமக்கும் இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லையே.

எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, எடுத்தப்புறம் போட்டுக் காட்டி மறுபடியும் கேளுங்க. பெரிய டாக்டர் பக்கத்துல நிக்கும்போது கேக்காதீங்க, அவருக்குப் பயந்துகிட்டே சரின்னுருவாங்க. வேணாம்னா வைத்தியத்துல ஒண்ணும் கொறையாதுன்னு வாய்விட்டு சொல்லுங்க. சொந்த போன்ல எடுக்கவே எடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல ஏத்தவே ஏத்தாதீங்க. குரல் போதும்னா படம் எதுக்கு? தயவுசெஞ்சு அந்த பிஜிஎம்மயும் விட்ருங்கப்பா.

அந்த அய்யாவுக்கு நான் ஆடியோவ போட்டுக் காமிச்சேன். கண்ண மூடி முழுசா கேட்டாரு. "எல்லாஞ் சரி தாயி, மகன் குடிச்சிட்டு வந்து மருந்துக் காச எடுத்துட்டுப் போனான்னு சொன்னேன்ல, அது மட்டும் வேணாம்"னாரு. வீட்டு நெலம தெரியாம டிஸ்சார்ஜ் பண்ணக்கூடாதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்ல அத விட நல்ல இடம் எனக்குக் கெடைக்காது. அவரு முன்னாடியே வெட்டிட்டேன்.