ஏப்ரல் வெயிலும் மார்ச் கடலும்

பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் இடத்தில் நீஸ் நகரம் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் விடுமுறைக்காக அங்கே செல்பவரை முதலில் வரவேற்பது வெயில்தான். கடலோரச் சாலையில் நடப்பவர்கள் மேலங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்கிறார்கள். உணவகங்கள் மேசைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. கூழாங்கற்கள் நிறைந்த கரைக்கு அப்பால் கடல் நீலமாக விரிந்து கிடக்கிறது. அந்த நீலத்தை நம்பி இறங்குபவர்களில் பலர் முழங்கால் நனைவதற்குள் திரும்பிவிடுவார்கள். பகலில் காற்று 17, 18 டிகிரி செல்சியஸ் என்று இதமாக இருக்கும்போது கடல்நீர் 14, 15 டிகிரியில்தான் இருக்கும்.

குறை வெயிலில் இல்லை. நீஸ் நகரம் 43.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் 20ஆம் தேதி நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 58 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆகஸ்ட் 22ஆம் தேதியன்றும் அதே உயரத்தில்தான் நிற்கும். பகலின் நீளமும் இரண்டு நாட்களிலும் ஏறக்குறையப் பதின்மூன்றரை மணி நேரம். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் அதே கரையில் நீரின் வெப்பம் 24, 25 டிகிரியைத் தொட்டிருக்கும். சூரியன் ஒன்று, கரை ஒன்று, நீருக்கு மட்டும் பத்து டிகிரி வேறுபாடு. இளவேனிற்கால மத்தியதரைக் கடற்கரையின் இனிமையும் ஏமாற்றமும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு கிணற்றை எண்ணிப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். ஊற்று சுரப்பதைவிட இறைப்பது அதிகமாக இருக்கும்வரை கிணற்றின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஊற்று மெல்ல வலுக்கத் தொடங்கிவிட்டாலும், அது இறைப்பை எட்டும்வரை இறக்கம் நிற்காது. கடலின் வெப்பமும் அப்படித்தான். டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டிச் சூரியனிடமிருந்து கிடைக்கும் வரவு மிகவும் குறைகிறது. அதன் பிறகு வரவு நாள்தோறும் கூடினாலும், நீராவியாதலாலும் இரவுநேரக் கதிர்வீச்சாலும் குளிர்ந்த வறண்ட காற்றாலும் கடல் இழக்கும் வெப்பம் இன்னும் பல வாரங்களுக்கு அந்த வரவை மிஞ்சியே நிற்கிறது. ஆகவே கடல் மிகவும் குளிர்ந்திருப்பது டிசம்பரில் அன்று, பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும்தான். ஏப்ரல் மாதப் பயணி நீரில் இறங்கும்போது கடல் தன் குளிர்காலத்தின் அடிமட்டத்தைத் தாண்டிச் சில வாரங்களே ஆகியிருக்கின்றன.

நீரைச் சூடேற்றுவது எவ்வளவு நீண்ட வேலை என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். அதே கன அளவுள்ள காற்றுக்கு அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. காற்றும் அலையும் மேல்நீரை முப்பது மீட்டர் ஆழம்வரை கலக்கிவிடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே உள்ள நீர்த்தூணை ஒரு டிகிரி உயர்த்த 120 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். சராசரி ஏப்ரல் நாளொன்றில் அந்தப் பரப்பின்மீது விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 20 மெகாஜூல்தான். எந்த இழப்பும் இல்லாவிட்டாலே ஒரு டிகிரிக்கு ஆறு நாள் ஆகும். இழப்போ எப்போதும் உண்டு. தரையின் கதை வேறு. மண்ணும் பாறையும் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கே அன்றாட வெயிலை வாங்கிக்கொள்வதால், காலையில் குளிர்ந்திருந்த கூழாங்கல் நண்பகலுக்குள் வெறுங்காலைச் சுடும்.

இவையெல்லாம் எந்தக் கடலுக்கும் பொருந்தக்கூடியவை. மத்தியதரைக் கடலுக்கே உரிய விந்தை இன்னொன்று. நீஸுக்கு எதிரே உள்ள கடலின் மேற்பரப்பு எவ்வளவு கடுங்குளிரிலும் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. அதே சமயம், இந்தக் கடலின் மேற்குப் பகுதியில் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போனாலும் நீர் ஏறத்தாழ 13 டிகிரியில்தான் இருக்கும். அட்லாண்டிக் பெருங்கடலில் அந்த ஆழத்தில் 3, 4 டிகிரிதான். அட்லாண்டிக்கின் ஆழத்துக் குளிர்நீர் இங்கே வர முடியாததே காரணம். இரு கடல்களையும் இணைக்கும் ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமே உடையது. அதன் அடித்தரையில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு வாசற்படிபோலக் குறுக்கே நிற்கிறது. மேலோட்டமான அட்லாண்டிக் நீர் மட்டுமே அதைத் தாண்டி உள்ளே வருகிறது. ஆகவே மத்தியதரைக் கடலின் ஆழத்தை நிரப்பியிருப்பது அதன் சொந்தக் குளிர்காலம் செய்த நீர்தான்.

அந்த நீர் உருவாகும் முக்கிய இடங்களில் ஒன்று, நீஸுக்கு மேற்கே உள்ள லியோன் வளைகுடா. அங்கே குளிர்காலத்தில் மிஸ்திரால் என்ற வடகாற்று வீசுகிறது. ஒரு பக்கம் ஆல்ப்ஸ், மறுபக்கம் பிரான்ஸின் நடுப்பகுதி மலைமேடு. இவற்றுக்கிடையே ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கு ஒரு புனல்போல ஒடுங்குவதால், வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்று அதற்குள் நெருக்குண்டு வேகம் பெற்று, மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டி வீசும். அது வறண்ட காற்று என்பதால் கடலிலிருந்து ஏராளமான நீரை ஆவியாக்குகிறது. மேல்நீர் குளிர்வதோடு உப்பும் செறிந்து கனக்கிறது. கனத்த நீர் கீழே அமிழ, கீழுள்ள நீர் மேலே வருகிறது. சில குளிர்காலங்களில் இந்தப் புரட்டல் அடித்தரைவரை எட்டும். 13 டிகிரி என்ற தளத்தின் பொருள் இங்கேதான் இருக்கிறது: மேல்நீர் ஆழத்து நீரின் அளவுக்குக் குளிர்ந்துவிட்ட பிறகு, மேலும் ஏற்படும் குளிர்ச்சியை முப்பது மீட்டர் நீர் மட்டும் தாங்குவதில்லை, பல நூறு மீட்டர் நீர் பங்கிட்டுக்கொள்கிறது. அதனால் மேற்பரப்பின் வெப்பம் அதற்குமேல் அசைவதே அரிதாகிவிடுகிறது.

வாடை, கோடை, கொண்டல், தென்றல் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்த மொழிக்காரர்களுக்கு இந்தக் கடற்கரை மக்களின் பழக்கம் அந்நியமாகத் தோன்றாது. திராமொந்தானா என்றால் மலைகளுக்கு அப்பாலிருந்து வரும் வடகாற்று. லெவாந்தே கதிர் எழும் திசையிலிருந்தும், பொனந்தே கதிர் விழும் திசையிலிருந்தும் வருபவை. மிஸ்திரால் என்ற சொல் தலைமை வகிப்பது என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நீஸுக்கு மேற்கே உள்ள மார்செய் நகரத்தில் அதை எதிர்த்து நடந்தவர் எவரும் அந்தப் பெயருடன் சண்டையிட மாட்டார். நீஸ் நகரத்தை அதன் பின்னேயுள்ள மலைகள் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகின்றன. மிஸ்திரால் மார்செய்யை உலுக்கும் நாளிலும் நீஸில் குடை விரித்துக் காப்பி அருந்தலாம் என்பது வெறும் விளம்பரப் பேச்சு அன்று, நிலவமைப்பின் விளைவு.

கடலின் இந்த மெத்தனம்தான் அந்தக் கரைக்குச் சுற்றுலாவையே கொண்டுவந்தது. ரஷ்யாவின் விளாதிவொஸ்தோக் துறைமுகமும் ஏறக்குறைய இதே அட்சரேகையில்தான் இருக்கிறது. அங்கே சனவரியில் கடல் உறைகிறது. நீஸிலோ, கோடையெல்லாம் சேமித்த வெப்பத்தைக் கடல் குளிர்காலம் முழுவதும் சிறிது சிறிதாகச் செலவழிக்க, வடக்கே ஆல்ப்ஸ் மதிலாக நிற்க, எலுமிச்சையும் ஆரஞ்சும் திறந்தவெளியில் காய்க்கின்றன. இதையறிந்து பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலேயச் செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்தார்கள். இன்றைய கடலோரச் சாலையின் முதல் வடிவம் 1820களில் அவர்களுடைய பணத்தில் போடப்பட்டது, அது இன்றும் ஆங்கிலேயர் நடைபாதை என்றே அழைக்கப்படுகிறது. விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் இளவேனிலை நீஸின் சிமியே குன்றில் கழித்தார். அவர்களில் பெரும்பாலோர் நீந்துவதற்காக வரவில்லை. கோடையில் அங்கே போய் வெயிலில் கிடப்பது நாகரிகமானது 1920களுக்குப் பிறகுதான். கடலைக் காற்றுக்காகவும் ஒளிக்காகவும் மட்டும் நாடிய அந்தப் பழைய பயணிகளே ஏப்ரல் மாதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் நாளொன்றின் போக்கையும் இதே வேறுபாடுதான் வகுக்கிறது. காலை பத்து, பதினோரு மணிக்குள் தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று விரிந்து எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த கடலின்மேல் கிடந்த காற்று கரைக்கு வருகிறது. தரைக்கும் கடலுக்கும் இடையே பகல்நேர வெப்ப வேறுபாடு இளவேனிலில் பெரிதாக இருப்பதால் இந்தக் கடற்காற்று நன்கு உணரும்படி வீசும். பிற்பகலில் கரையோரத்தில் மேலங்கி தேவைப்படும்போது, நான்கு தெரு உள்ளே தள்ளி மக்கள் அரைக்கைச் சட்டையில் திரிவார்கள். இங்கே ஒரு வஞ்சகமும் உண்டு. தோல் சிவந்து எரிவதற்குக் காரணம் புற ஊதாக் கதிர்களே அன்றி வெப்பம் அன்று. வட அரைக்கோளத்தில் இளவேனிலில் ஓசோன் படலம் சற்றுத் தடிப்பாக இருப்பதால் ஏப்ரலில் அக்கதிர்கள் ஆகஸ்டைவிடச் சிறிது குறைவு என்பது உண்மைதான். ஆனால் குளிர்ந்த காற்று எச்சரிக்கை உணர்வை மழுங்கடித்துவிடுவதால், குளிர்காலம் முழுதும் வெயிலே காணாத வடநாட்டுப் பயணிகள் மாலையில் செக்கச்சிவந்த முகத்தோடு விடுதிக்குத் திரும்புகிறார்கள்.

நீரின் நிறத்துக்கும் இதில் பங்குண்டு. மத்தியதரைக் கடல் பொதுவாக ஊட்டச்சத்து குறைந்தது. மிதக்கும் நுண்பாசிகள் குறைவாக இருப்பதால்தான் அது அவ்வளவு நீலமாகத் தெரிகிறது. ஆனால் குளிர்காலப் புரட்டல் ஆழத்திலிருந்த உப்புச் சத்துக்களை மேலே கொண்டுவந்துவிடுகிறது. மார்ச், ஏப்ரலில் வெயில் வலுத்துக் கலக்கம் அடங்கியதும் நுண்பாசிகள் பெருகுகின்றன. வடமேற்கு மத்தியதரைக் கடலில் பரந்த பரப்புக்குப் பச்சைச் சாயல் ஏறுவதைச் செயற்கைக்கோள்கள்கூடக் காண்கின்றன. அவற்றை உண்ணும் நுண்ணுயிர் விலங்குகளும், அவற்றைத் தேடி வரும் உயிர்களும் அடுத்தடுத்துப் பெருகும். சில ஆண்டுகளில், ஏப்ரல் காலையில் கரைமுழுதும் நீலநிறச் சிறு வட்டுகள் ஒதுங்கிக் கிடக்கும். வெலெல்லா எனப்படும் அவ்வுயிர் சில சென்டிமீட்டர் நீளமே உடையது. முதுகில் கண்ணாடி போன்ற ஒரு சிறு பாய் விரித்துக் காற்றின் போக்கில் மிதப்பது. தானாகத் திசை மாற்ற அதற்கு வழியில்லை, ஆகவே கரைநோக்கிய காற்று நீடித்தால் ஆயிரக்கணக்கில் கரையேறி மடிகின்றன. அது மனிதரைப் பெரிதாகக் கொட்டுவதில்லை. காய்ந்து நாறத் தொடங்கும் வரை குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை.

வானிலை எப்போதும் ஒத்துழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கோடையில் இந்தப் பகுதியை வறளவைக்கும் துணைவெப்பமண்டல உயர் காற்றழுத்தப் பகுதி ஏப்ரலில் இன்னும் தெற்கே தங்கியிருக்கும். அட்லாண்டிக்கிலிருந்து மழையோடு வரும் காற்றழுத்தத் தாழ்வுகளுக்கு வழி திறந்தே இருக்கும். சில நாள் சகாராவிலிருந்து சிரோக்கோ காற்று எழுந்து, பாலைவனத் தூசியைக் கடல் தாண்டிக் கொண்டுவரும். அதனோடு மழையும் சேர்ந்தால், மறுநாள் காலையில் நிறுத்தியிருந்த கார்களெல்லாம் செம்மண் பூசியதுபோல் நிற்கும்.

நீந்தியே ஆகவேண்டும் என்பவர்கள் சூன் நடுப்பகுதிவரை பொறுக்கலாம். இல்லாவிட்டால் செப்டம்பரில் போகலாம், அப்போது வெயில் ஏப்ரலைவிடத் தணிந்திருந்தாலும் நீர் 22, 23 டிகிரியில் இதமாக இருக்கும். ஏப்ரலிலேயே இறங்குவோர் திடீரெனக் குதிக்காமல் இருப்பது நல்லது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், 15 டிகிரி நீரில் உடல் முதல் ஒரு நிமிடத்தில் மூச்சுத் திணறித் தடுமாறும். படிப்படியாக இறங்கினால் அந்தத் தடுமாற்றம் குறையும். கோடை வந்ததும் வெப்பமான நீர் ஒரு மெல்லிய போர்வையாக மேலே தங்கிவிடுகிறது, கீழுள்ளதோடு எளிதில் கலப்பதில்லை. ஆகஸ்ட் மாதத்தின் நடுவில், மேலே 25 டிகிரியில் குழந்தைகள் குதித்து விளையாடும்போது, அவர்களுக்கு நூறு மீட்டர் கீழே நீர் இன்னும் ஏறத்தாழ 13 டிகிரியில், மார்ச் மாதத்தில் விட்ட இடத்திலேயே இருக்கிறது.