காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ்: நான்கு மணி நேரத்துக்குள் நோயாளிக்கு உரியவை

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் எனப்படும் ரத்தச் சுத்திகரிப்பு என்பது ஒரு முறை செய்துகொண்டு வீடு திரும்பும் சிகிச்சை அன்று. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, கிடைக்காவிட்டால் ஆயுள் முழுவதும், வாரத்துக்கு மூன்று முறை வீதம் ஆண்டுக்கு 156 முறை அந்த நாற்காலியில் போய் அமர வேண்டும். இந்தச் செலவை நெடுங்காலம் கைக்காசில் தாங்கக்கூடிய குடும்பங்கள் மிகக் குறைவு. ஆகவேதான் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2016-17 நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் இந்தச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் வழங்க வகை செய்கின்றன.

2009இல் தொடங்கி 2012இல் இப்போதைய பெயரைப் பெற்ற மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ரூபாயாக இருந்த இவ்வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குச் சென்றால் கார்டு பெறலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை இதில் அடங்கும். அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்யும்போது கார்டை ஏன் கேட்கிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வது உண்டு. காப்பீட்டின் வழியாக வரும் தொகை அந்த மருத்துவமனைக்கே சென்று, கருவிகளும் பொருள்களும் வாங்கப் பயன்படுகிறது என்பதால், கார்டைக் கொடுப்பதில் நோயாளிக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

கார்டு கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இலவசமாகக் கிடைக்கும் டயாலிசிஸ் முழுமையானதாக இருக்கிறதா என்பதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. இலவசம்தானே என்ற தயக்கம் வாயை அடைத்துவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது நேரம். ஒரு முறை என்பது பொதுவாக நான்கு மணி நேரம். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்பதற்காக மூன்றேகால் மணியில் இறக்கிவிடுவதும், வீட்டுக்குப் பேருந்து இருக்காது என்று நோயாளியே பாதியில் எழுந்துகொள்வதும் விளைவில் ஒன்றுதான். சிகிச்சை போதுமானதா என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் யூரியா என்னும் கழிவை அளந்து பார்த்தால், அது குறைந்தது 65 விழுக்காடு இறங்கியிருக்க வேண்டும். தொடக்கத்தில் 150 இருந்தால் முடிவில் 52 அளவுக்கோ அதற்குக் கீழோ வர வேண்டும் என்று பொருள். மாதம் ஒரு முறையாவது இப்பரிசோதனையைச் செய்யும்படி கேட்பதில் தவறே இல்லை.

அடுத்தது எடை. இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் உடலில் தேங்கிய நீரை இயந்திரம் இழுத்துவிடும் என்று எண்ணி இஷ்டம்போலத் தண்ணீர் குடிப்பவர்கள், இழுக்கும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மேல்வரம்பு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் இது ஏறத்தாழ மூன்று லிட்டர். அதற்குமேல் இழுத்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்ளும், இதயத்துக்கும் சுமை கூடும். படுக்கையில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் எடை பார்க்காத மையத்தில், எவ்வளவு நீர் எடுப்பது என்பது ஊகத்தின் வேலையாகிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத பெரிய விஷயம் தண்ணீர். ரத்தக் கழிவை வாங்கிக்கொள்வதற்காகத் தண்ணீரில் தயாரிக்கப்படும் டயாலிசிஸ் திரவம் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். நோயாளியின் ரத்தத்துக்கும் இந்தத் திரவத்துக்கும் இடையே மெல்லிய சவ்வு மட்டுமே இருப்பதால், குடிக்கத் தகுந்த தண்ணீரும் இங்கே போதாது. ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து, கிருமிகளின் அளவைக் குறித்த காலத்தில் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். டயாலிசிஸ் ஏறிய பிறகு பலருக்கு ஒரே நேரத்தில் குளிரும் நடுக்கமும் வந்தால், சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் ஆர்.ஓ. அறைதான்.

டயாலைசர் எனப்படும் வடிகட்டியை அதே நோயாளிக்குச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் அதன் மீது அவர் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அதன் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அகற்றிவிட வேண்டும். தம் பெயரைத் தாமே படித்துப் பார்த்த பிறகு இணைக்கச் சொல்வது நோயாளியின் உரிமை. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்கப்பட வேண்டும், அவர்களின் டயாலைசரை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. மற்றவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவசியம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளைத் தொடக்கத்திலும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் எல்லாருக்கும் செய்ய வேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரிடம் போகும்போது ஊழியர் கையுறையை மாற்றுகிறாரா என்பதை மட்டும் கவனித்தாலே மையத்தின் தரம் ஓரளவு புரிந்துவிடும்.

டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்கக் கழுத்து நரம்பில் போடும் குழாயான கதீட்டர் தற்காலிக ஏற்பாடு. அதை நீண்ட நாள் வைத்திருந்தால் கிருமி ரத்தத்தில் நேராக இறங்கக்கூடும். கையில் தமனியையும் சிரையையும் அறுவை மூலம் இணைத்துச் செய்யும் பிஸ்டுலா தேறி வருவதற்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே மருத்துவர் அதைத் திட்டமிட்டுவிடுவது நல்லது. பிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் யாரையும் அனுமதிக்கக் கூடாது.

மையத்துக்கு வந்து போக முடியாதவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் ஒரு மாற்று. நாளைக்கு மூன்று நான்கு முறை, பொதுவாக இரண்டு லிட்டர் கொண்ட பையிலிருந்து திரவத்தை வயிற்றில் இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்துவிடும் இம்முறையை வீட்டிலேயே செய்யலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவையும் உண்டு. வடிந்த திரவம் கலங்கியிருந்தால் மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காப்பீட்டுக் கார்டு உள்ளவரிடம் திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குப் பணம் கேட்டாலோ, டயாலிசிஸ் செய்ய மறுத்தாலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் தெரிவிக்கலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104இலும் கேட்கலாம். தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருப்பவரின் புகாருக்குத் தனி வலு உண்டு. அதே நோட்டு வெளியூர் போகும்போதும் கைகொடுக்கும். டயாலிசிஸுக்காகப் பயணிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். போகிற ஊரில் முன்கூட்டியே இடம் கேட்கும்போது அந்த நோட்டையும் அண்மையில் செய்த ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளையும் காட்ட நேரிடும். அவை கையில் இல்லாவிட்டால் நோயாளியை எந்த இயந்திரத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்வதிலேயே அந்த மையத்தில் ஒரு நாள் கழிந்துவிடலாம்.